எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் நற்பண்பும் சமய நெறியும்: ஓராண்டுத் திட்டம் எப்படிப் போடுவது?

#1 தொட்டில்கட்டு

வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு மழலையர் பள்ளிக்கு ஜூன் முதல் நடத்த நற்பண்புத் திட்டம் எழுதுகிறேன். எல்.கே.ஜி. 22 பிள்ளைகள், யு.கே.ஜி. 25. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் கலந்த வகுப்பு. வகுப்புக்கு ஓர் ஆசிரியை, இரண்டுக்கும் பொதுவாக ஓர் ஆயாம்மா.

நிர்வாகம் தந்த பட்டியலில் 36 பண்புகள் இருக்கின்றன, வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிக்கதை, ஒரு ஆத்திசூடி வரி, வெள்ளிக்கிழமை வாய்மொழிக் கேள்வி, நல்ல பிள்ளைக்கு ஸ்டார் ஸ்டிக்கர். "கடவுள் பக்தியும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள்.

இந்த வயதுக்கு இது சரியா? எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? கலப்பு வகுப்பில் சாமி கும்பிடுவதை எப்படி நடத்துவது? விவரமாகச் சொல்லுங்கள்.

#2 மணல்கடிகை

முதல் வேலை, பட்டியலை ஆறாகக் குறையுங்கள். 36 என்றால் ஒரு பண்புக்கு ஐந்தே வகுப்பு நாள். நாலு வயசுப் பிள்ளை "பொறுமை" என்ற சொல்லைத் தன் நடவடிக்கையோடு சேர்த்துப் பார்க்கவே அதைவிட அதிக நாள் ஆகும். அதற்குள் அடுத்த திங்கட்கிழமை "நன்றியுணர்வு" வந்து நிற்கும். கடைசியில் பிள்ளைக்கு 36 சொல் தெரியும், ஒன்றும் பழக்கத்தில் இருக்காது.

என் தேர்வு: காத்திருந்து முறை எடுப்பது, உண்மை சொல்வது, தன்னால் கெட்டதைத் தானே சரிசெய்வது, நன்றி சொல்வது, உயிர்களைக் கவனிப்பது, தன் வேலையைத் தானே செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாரம். மீதி வாரங்களை விழாவும் விடுமுறையும் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் செயலாகவே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "பொறுமை"யை ஆசிரியையால் பார்க்க முடியாது. சறுக்குமரத்தில் முன்னால் இருப்பவன் இறங்கும் வரை ஒரு பிள்ளை ஏணியடியில் நிற்பதைப் பார்க்க முடியும், குறித்து வைக்க முடியும்.

ஜூனில் காத்திருத்தலை முதலில் வையுங்கள். புதுப் பிள்ளைகளின் சண்டையில் பாதிக்கு மேல் இதில்தான் வரும்.

அடுத்தது, இந்த வயதுப் பிள்ளை தப்பை எப்படி எடை போடுகிறது என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவன் சாப்பிடக் கூப்பிட்டதும் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் இருந்த 15 கோப்பைகளும் உடைகின்றன, அவை அங்கே இருந்தது அவனுக்குத் தெரியாது. இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் அலமாரியில் ஏறி ஜாம் எடுக்கப் போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால், சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவனையே காட்டினார்கள். அவர்கள் கண்ணுக்குச் சேதத்தின் அளவுதான் தெரிகிறது. நோக்கத்தை எடுத்துச் சொன்னால் நாலு, ஐந்து வயதிலும் புரிந்துகொள்வார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆகவே வகுப்பில் தண்ணீர் கொட்டினால் ஆசிரியையின் முதல் வாக்கியம் நோக்கத்தைச் சொல்லட்டும்: "வேணும்னு கொட்டலை, கை தட்டிடுச்சு. துணி அங்க இருக்கு, துடைச்சிடலாம்." மூலையில் பிள்ளை உயரத்தில் ஓர் ஆணி, அதில் இரண்டு பருத்தித் துணி (ஒரு சாண் சதுரம் போதும், பெரிய துணியை அவர்களால் பிழிய முடியாது), கீழே இரண்டு லிட்டர் வாளி. "சரிசெய்வது" என்ற பண்புக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. கொட்டியதும் ஆயாம்மா ஓடிவந்து துடைத்துவிட்டால் அந்தப் பாடம் அன்றைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமைக் கேள்வியை எடுத்துவிடுங்கள். "பொய் சொல்லலாமா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "சொல்லக் கூடாது மிஸ்" என்றுதான் சொல்லும். அந்தப் பதிலை வைத்து அவர்கள் நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

#3 திருமுறைப்பித்தன்

கடிகையாரே, பட்டியலைக் குறைக்கச் சொன்னது சரி. ஆனால் இப்படிப் பேசினால் அடுத்து மனப்பாடத்தையே தூக்கிவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ஓசை பிடிக்கும் வயது இது. "அறஞ்செய விரும்பு" நாலு வயதில் நாக்கில் ஏறினால் நாற்பதிலும் இருக்கும். பொருள் பின்னால் வந்து சேரும். நம் பாட்டு முறை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஆத்திசூடியில் 109 வரி இருக்கிறது என்பதற்காக 109ஐயும் ஓட்ட வேண்டியதில்லை. உயிரெழுத்துப் பகுதியிலேயே "ஏற்பது இகழ்ச்சி", "அஃகஞ் சுருக்கேல்" போன்றவை வளர்ந்தவர்களின் உலகத்தைச் சேர்ந்தவை. தானியத்தைக் குறைத்து அளந்து விற்காதே என்பதை எல்.கே.ஜி. பிள்ளைக்கு எங்கே காட்டுவது? ஆறு பண்புக்கு ஆறு வரி எடுங்கள். ஆறுவது சினம், ஊக்கமது கைவிடேல், ஐயமிட்டு உண், ஒப்புரவு ஒழுகு மாதிரி. ஐந்து வாரத்துக்கு ஒரே வரி. கைதட்டி, மெதுவாக, வேகமாக, ரகசியமாக என்று நாலு விதமாகச் சொல்ல வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

எங்கே கெடுகிறது என்றால் தனித்தனியாக எழுப்பி ஒப்பிக்கச் சொல்லும்போதுதான். கூட்டமாகச் சொல்லும்போது தெரியாத பிள்ளையும் வாயசைத்துக் கற்றுக்கொள்ளும். தனியாக நிறுத்தினால் பயந்துபோய் அந்த வரியையே வெறுக்கும். இன்னொரு கேடு, சண்டை போட்ட பிள்ளையைத் தண்டனையாக "ஆறுவது சினம், பத்துத் தடவை சொல்லு" என்பது.

#4 மணல்கடிகை

திருமுறை ஐயா, முழுச் சம்மதம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வரியும் செயலும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். தின்பண்ட வேளையில் டப்பாவைத் திறக்கும்போது "ஐயமிட்டு உண்". பண்டம் இல்லாமல் வந்த பிள்ளைக்காகப் பொதுத்தட்டு ஒன்று நடுவில் இருக்க வேண்டும். அந்தத் தட்டு இல்லாமல் வரியை மட்டும் சொன்னால் பயனில்லை. யார் வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று யாரும் பெயர் சொல்லக் கூடாது.

#5 சட்டப்புள்ளி

சமயப் பகுதிக்கு முன்னால் சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

அரசியலமைப்பின் 28(1) பிரிவின்படி, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமயப் போதனை கூடாது. 28(3) உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிறுவனத்தில் படிக்கும் யாரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ சம்மதம் இல்லாமல் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. சிறுவர் என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும். "யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்பது சம்மதம் ஆகாது. எழுத்தில் வாங்குங்கள், எந்த நேரமும் திரும்பப் பெறலாம் என்று அதிலேயே எழுதுங்கள். சேராத பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை என்பதையும் எழுதுங்கள். வராந்தாவில் சும்மா உட்கார வைத்தால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

சமயங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது வேறு விஷயம். அருணா ராய் வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம், சமயங்களின் அடிப்படை நெறிகளை அறிமுகப்படுத்துவது மதச்சார்பின்மைக்கு விரோதமில்லை என்று சொன்னது. அதனால் மூன்று சமயக் கதைகளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். தொழவோ கும்பிடவோ சிலுவை போடவோ வைப்பதற்குத்தான் சம்மதம் கட்டாயம்.

அடுத்து தண்டனை. கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது, நமக்குப் பொருந்தாது என்று சில நிர்வாகங்கள் நினைக்கின்றன. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 75ஆம் பிரிவு எந்த வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். தேவையற்ற மனத் துன்பம் தருவதும் அதில் குற்றம்தான்.

#6 ஓதப்பள்ளி

அஸ்ஸலாமு அலைக்கும். முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் காலையிலோ மாலையிலோ மக்தபுக்கு (குர்ஆன் ஓதக் கற்கும் சிறு பள்ளி) ஓதப் போகிறவர்கள்தான். பள்ளியில் அதையே திரும்பச் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று ஆசிரியைக்குத் தெரிந்தால் இரண்டும் மோதாது.

நாலு முதல் ஆறு வயதுக்கு ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். ஏழெட்டு நிமிடம் அலிஃப், பா என்ற அரபு எழுத்து, பிறகு சிறு சூரா (குர்ஆன் அத்தியாயம்), பிறகு துஆ (சிறு வேண்டுதல்). சூராவில் கவ்ஸர் (3 வசனம்), இக்லாஸ் (4) மாதிரிச் சின்னதில் தொடங்கி, ஃபலக் (5), நாஸ் (6) என்று போகலாம். தொழுகைக்கு வேண்டும் என்பதால் பலர் 7 வசனமுள்ள ஃபாத்திஹாவில் ஆரம்பிப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் நாளுக்கு ஒரு வசனத்துக்கு மேல் போகாதீர்கள். அவசரப்படுத்தினால் உச்சரிப்பு தப்பாகவே பதிந்துவிடும். பத்து வயதில் அதைத் திருத்துவது, புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.

துஆவை அந்தந்த வேலையின்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது பிஸ்மில்லாஹ், தும்மும்போது அல்ஹம்துலில்லாஹ். வரிசையாக இருபது துஆ ஒப்பிக்கிற பிள்ளை தட்டு முன்னால் வந்ததும் மறந்து சாப்பிடுவது, அதை வகுப்பில் மட்டுமே கற்றதால்தான்.

ஒரு முக்கியமான விஷயம். பிள்ளைகளை ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்பது நபிமொழி. அதற்கு முந்திய வயதில் பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வதுதான் பயிற்சி. அதனால் நாலு வயசுப் பிள்ளையைத் தொழவில்லை என்று திட்டுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்ல ஆசிரியை தயங்க வேண்டாம்.

#7 மறைவகுப்பு

தோத்திரம். ஞாயிறு பள்ளிப் பக்கத்திலிருந்து கதைத் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. வேதாகமத்தில் இருக்கிறது என்பதாலேயே ஒரு கதை நாலு வயதுக்கு ஏற்றது ஆகிவிடாது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போனது, சிலுவைப்பாட்டின் விவரங்கள், வெள்ளத்தில் மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது, இவை எல்லாம் பின்னால் வரட்டும். அப்பா கத்தி எடுத்தார் என்பதுதான் பிள்ளை மனதில் நிற்கும், விசுவாசம் நிற்காது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவன், காணாமல்போன ஆடு, நல்ல சமாரியன் (கள்ளர் அடித்த பகுதியை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுங்கள்), மரத்தில் ஏறிய சகேயு, இவை போதும். வருஷத்துக்குப் பத்துக் கதையை மூன்று மூன்று முறை சொன்னால், முப்பது கதையை ஒருமுறை சொல்வதைவிட நிற்கும்.

மனன வசனம் நாலைந்து சொல்லுக்குள் இருக்கட்டும். "ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து" வரை போதும், வசனம் முழுதும் வேண்டாம்.

இந்துக் கதைகளிலும் இதே பிரச்சினை உண்டு என்று நினைக்கிறேன். திருமுறை ஐயா சொல்லட்டும்.

#8 திருமுறைப்பித்தன்

உண்டு. சிறுத்தொண்டர், கண்ணப்பர், மனுநீதிச் சோழன், தொடை அறுத்த சிபி, இவை எல்லாம் எட்டு வயதுக்கு மேல். பிரகலாதனைச் சொல்லலாம், தூண் பிளந்ததோடு நிறுத்திவிட வேண்டும். மழலையருக்குத் தங்கமானவை முல்லைக்குத் தேர் விட்ட பாரியும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும். இரண்டிலும் சமயமே இல்லை, எல்லாக் குடும்பத்துக்கும் பொது. பேகன் கதையில் "மயிலுக்குக் குளிருமா மிஸ்?" என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காதீர்கள். "குளிராமகூட இருக்கலாம். அவருக்கு ஏன் போர்த்தணும்னு தோணுச்சு?" என்று திருப்பிக் கேட்டால், கடிகையார் சொன்ன நோக்கம் பற்றிய பேச்சு தானாக வந்துவிடும்.

உயிர்களைக் கவனிக்கும் ஐந்து வாரத்துக்கு ஒரு யோசனை. தாகத்தில் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரைப் பற்றி நபிமொழி இருக்கிறது. காயப்பட்டவனுக்குப் பணிவிடை செய்த சமாரியன் இருக்கிறார். பயிர் வாடியதைப் பார்த்து வாடிய வள்ளலார் இருக்கிறார். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறது. மூன்றையும் வெவ்வேறு நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கூடவே வெளிச்சுவரில் பறவைக்குத் தண்ணீர் வையுங்கள். அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். உள்ளே ஒரு கல் போடுங்கள், தேனீயும் சிட்டும் உட்காரும். தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் கொசுப்புழு வரும்.

#9 நேர்கோடு

எல்லாரும் மென்மையாகவே பேசுகிறீர்கள். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்" என்று கேட்டுத்தான் நம் தலைமுறைகள் வளர்ந்தன, கெட்டுப்போகவில்லை. யாரோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் பிள்ளையைத் தப்பிலிருந்து தடுக்கும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. 2011இல் வந்தது. 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம், கண்ணுக்குத் தெரியாத ஓர் இளவரசி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுத் தனியாக விளையாட விட்டார்கள். அவள் இருப்பதை நம்பிய பிள்ளைகள் ஏமாற்றுவது குறைந்தது. அப்படியானால் கடவுள் பயம் ஏன் கூடாது?

#10 மணல்கடிகை

நல்ல கேள்வி, நேர்கோடு சார். அந்த ஆய்வு உண்மைதான். ஆனால் அதில் அந்த இளவரசி யாரையும் தண்டிப்பாள் என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறாள் என்பது மட்டுமே போதுமானதாக இருந்தது. "கடவுள் உன்னோட இருக்கார்" என்பதற்கு அது சான்று. "கண்ணைக் குத்துவார்" என்பதற்குச் சான்று இல்லை.

பயமுறுத்துவதில் இரண்டு கேடு இருக்கிறது. முதலாவது, இந்த வயதுப் பிள்ளைகள் தப்புக்கும் பின்னால் வரும் விபத்துக்கும் முடிச்சுப் போடுவார்கள். பியாஜே இதையும் எழுதியிருக்கிறார். ஆப்பிள் திருடிய பையன் ஓடும்போது பாலம் உடைந்து தண்ணீரில் விழுந்தால், திருடியதால்தான் பாலம் உடைந்தது என்று சின்னப் பிள்ளைகள் சொன்னார்கள். இந்த மனதில் "சாமி கண்ணைக் குத்தும்" என்பதைப் போட்டால் என்ன ஆகும்? அடுத்த வாரம் மெட்ராஸ் ஐ வந்தால் அது தண்டனை. வீட்டில் தாத்தா இறந்தால் அது தன்னால். கண்ணாடி போட்ட பக்கத்துப் பிள்ளை பொய்க்காரன். பிள்ளை இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாது. தூக்கத்தில் அழுவதும், திரும்பவும் படுக்கையை நனைப்பதுமாக வெளியே வரும்.

இரண்டாவது, பயம் பொய்யைக் கூட்டும். உடைத்த பிள்ளை உடைந்ததை அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைக்கும்.

உண்மை சொல்லும் பழக்கத்துக்கு எந்தக் கதை உதவும் என்று 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2014இல் வந்தது. நம் "புலி வருது" கதையின் மேல்நாட்டு வடிவத்தைச் சொல்லிப் பார்த்தார்கள், பொய் குறையவில்லை. செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் ஒத்துக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதையைச் சொன்னபோது குறைந்தது. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியதும் அந்தப் பலன் போய்விட்டது. உண்மை சொன்னால் நல்லது நடக்கும் என்று கேட்ட பிள்ளைதான் உண்மை சொல்லத் துணிந்தது.

இதை வைத்து எழுதிய ஒரு கதை கீழே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எட்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது, எல்.கே.ஜி.க்கு அதுதான் அளவு.

"மீனா கூடத்தில் பந்து விளையாடினாள். பந்து பட்டுப் பாட்டியின் தண்ணீர்ப் பானை உடைந்தது. மீனாவுக்குப் பயமாக இருந்தது. 'யாரு கண்ணு உடைச்சது?' என்று பாட்டி கேட்டாள். 'நான்தான் பாட்டி, பந்து பட்டுடுச்சு' என்றாள் மீனா. 'பானை போனா வேற வாங்கலாம், நீ உள்ளதைச் சொன்னியே, அதுதான் எனக்குச் சந்தோஷம்' என்று பாட்டி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு பாட்டி ஓட்டாஞ்சில்லை அள்ளினாள். மீனா ஈரத்தைத் துடைத்தாள்."

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்க வேண்டாம். "மீனாவுக்கு வயித்துக்குள்ள எப்படி இருந்திருக்கும்?" என்று கேளுங்கள். இங்கே தங்கக் கோடரி மாதிரிப் பரிசு எதுவும் வைக்காததும் தெரிந்தே செய்ததுதான். விறகுவெட்டி கதையில் பிள்ளை மனதில் தங்கம்தான் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 4 முதல் 6 வயதில், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட பிள்ளைகள், அதையே விலங்குப் பாத்திரங்களோடு கேட்டவர்களைவிட அதிகம் பகிர்ந்தார்கள் என்று டொராண்டோவில் 2018இல் பார்த்தார்கள். நரி, காக்கா கதைகளை விட வேண்டாம், மொழிக்கும் சிரிப்புக்கும் அவை வேண்டும். நடத்தைக்கு என்று சொல்லும் கதையில் மட்டும் பிள்ளை மாதிரி ஒரு பிள்ளை இருக்கட்டும்.

#11 ஓதப்பள்ளி

நேர்கோடு பாய்க்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. தவ்பா என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாச் சூராவையும் அருளாளன், அன்பாளன் பெயரைச் சொல்லித்தான் ஓதத் தொடங்குகிறோம். நரகத்தைப் பற்றி நாலு வயதில் பேசும் உஸ்தாதுகள் (ஓதக் கற்றுக்கொடுப்பவர்கள்) அந்த முதல் வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இறையச்சம் என்பது பகுத்தறிவு வந்த பிறகு வரும் பொறுப்பு.

#12 கூடத்துமணி

காத்திருத்தலுக்கும் சண்டைக்கும் நேரில் எப்படி என்று யாரும் எழுதவில்லை. இதுதான் அன்றாடம் நடப்பது, அதனால் சற்று நீட்டி எழுதுகிறேன்.

தேவையானவை: ஒரு சிறு கோரைப்பாய் (இரண்டு பிள்ளை எதிரெதிரே உட்காரும் அளவு), 3 நிமிட மணல் கடிகாரம், ஒரு மரக்கரண்டி. கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் பேச வேண்டும். ஜூன் இரண்டாம் வாரத்தில், சண்டை இல்லாத நேரத்தில், இரண்டு பொம்மைகளை வைத்து இதை நடித்துக் காட்ட வேண்டும். சண்டை நடக்கும்போது முதல்முறையாகப் பாயை விரித்தால், அதைத் தண்டனைப் பாய் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள். பிறகு அதை மாற்ற முடியாது.

இப்போது சிவப்பு சைக்கிளுக்கு இரண்டு பேர் இழுபறி, ஒருவன் தள்ளிவிட்டான் என்று வையுங்கள்.

ஆசிரியை முதலில் விழுந்த பிள்ளையிடம் போக வேண்டும், தள்ளியவனிடம் அல்ல. "எங்க வலிக்குது?" பிறகு தள்ளியவனையும் பக்கத்தில் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், "அவன் முகத்தைப் பாரு. என்ன தெரியுது?" பதில் வர பத்து எண்ணும் வரை பொறுக்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியைகள் மூன்றாவது நொடியில் தாங்களே பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். "அழுவுறான்" என்று வந்ததும், "அவனுக்கு என்ன செஞ்சா நல்லா இருக்கும்?" தண்ணீர் கொண்டுவருவது, முழங்காலில் ஈரத்துணி வைப்பது, கை கொடுத்துத் தூக்குவது, எது சொன்னாலும் சரி. அதைச் செய்து முடித்த பிறகுதான் பாய். கரண்டியைப் பிடித்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம். கடைசியில் மணல் கடிகாரம்: மணல் கொட்டி முடிந்தால் சைக்கிள் கை மாறும். மொத்தம் ஐந்து நிமிடம்.

"ஸாரி சொல்லு" என்ற வார்த்தையை ஆசிரியைகள் விட்டுவிட வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கும் ஸாரி, தப்பிலிருந்து கழன்றுகொள்ள ஒரு சீட்டு என்று பிள்ளை சீக்கிரமே புரிந்துகொள்ளும். தள்ளும், ஸாரி சொல்லும், மறுபடி தள்ளும்.

மூன்று வயதுக்குக் கீழே இந்தப் பேச்சு வேலை செய்யாது. அவர்களுக்கு ஒரே மாதிரிப் பொம்மை இரண்டு மூன்று வாங்கி வைப்பதுதான் வழி.

#13 வெண்பலகை

ஸ்டார் ஸ்டிக்கர் பற்றி: வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் படம் வரைய ஆசைப்படும் மழலையரை எடுத்து, ஒரு குழுவுக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழுதான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தது. 20 மாதக் குழந்தைகளிடம்கூட, உதவி செய்ததற்குப் பொம்மை கொடுத்தால் பின்னால் உதவி குறைவதை 2008இல் காட்டினார்கள். உதவுவது பிள்ளைக்கு இயல்பாகவே வருகிறது. விலை போட்டால் விலைக்குத்தான் வரும்.

பதிலுக்கு, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நீ தட்டை எடுத்து வச்ச, ஆயாம்மாவுக்குக் குனியற வேலை குறைஞ்சது." "குட் கேர்ள்" வேண்டாம், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவள் பேட் கேர்ள் ஆகிவிடுகிறாள்.

#14 யாழ்முன்பள்ளி

இலங்கையில அரசாங்கப் பாடசாலைகளில முதலாம் தரத்தில இருந்தே அவரவர் சமயத்தைத் தனிப்பாடமாப் படிப்பிக்கினம். சைவப் பிள்ளையளுக்குச் சைவநெறி, மற்றப் பிள்ளையளுக்குக் கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம், பௌத்தம். ஞாயிறுகளில அறநெறிப் பாடசாலையும் இருக்கு. அதால முன்பள்ளியில சமயத்துக்கு அவசரப்படத் தேவையில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கிறது (முதல் எழுத்து எழுத வைக்கிறது), பஞ்சபுராணத்தில (கோயிலில பாடுற ஐந்து பாட்டு) ஒரு தேவாரம் கேக்கிறது, அவ்வளவுதான்.

இருந்தும் இங்கையும் ஒரு பிழை நடக்குது. ஆறுமுக நாவலர் 1848இல வண்ணார்பண்ணையில பாடசாலை தொடங்கின காலத்தில இருந்து சைவ வினாவிடை முறை எங்களுக்குப் பழக்கம். கடவுள் எங்கும் நிறைந்தவர், எல்லாம் வல்லவர் எண்டு அடுக்கிச் சொல்லுறது பெரிய வகுப்புக்கு அருமை. அதை நாலு வயசுக்கு இறக்கினால் சொல் மட்டும்தான் நிக்கும். அந்த வயசுக்கு மணி, விளக்கு, பூ, பாட்டு, அம்மம்மாவோட கோயில் வீதி சுத்துறது, இவையே போதும். உங்கட கலப்பு வகுப்பில இதுகளை வீட்டுக்கு விட்டிட்டு, நன்றியையும் அமைதியையும் மட்டும் பொதுவா வைக்கலாம்.

#15 கூடத்துமணி

பொது அமைதி நேரத்துக்கு அளவு: ஜூனில் 15 நொடி, டிசம்பரில் ஒரு நிமிடம், அதற்கு மேல் நீட்டாதீர்கள். ஒரு வெண்கல மணியை அடித்து, ஓசை அடங்கும் வரை கேட்கச் சொல்லுங்கள். கண்ணை மூடக் கட்டாயப்படுத்த வேண்டாம், சில பிள்ளைகளுக்குப் பயம். 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியவர். அவருடைய முறையிலும் இப்படி அமைதியைக் கேட்கும் பயிற்சி உண்டு, அதுவும் தண்டனையாக அல்ல.

சாப்பாட்டு நன்றிக்கு: "இந்தச் சோறு தட்டுக்கு வர யாரெல்லாம் வேலை செஞ்சாங்க?" நாளுக்கு நாலு பிள்ளை ஆளுக்கு ஒருவரைச் சொல்லட்டும். நாத்து நட்ட பாட்டி, லாரி அண்ணன், சமைச்ச அம்மா. பிறகு வீட்டில் பழகிய ஜெபமோ துஆவோ இருந்தால் மெதுவாகத் தனக்குள் சொல்லிக்கொள்ள ஐந்து நொடி. யாரும் யாருக்காகவும் உரக்கச் சொல்ல வேண்டாம்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. திட்டத்தில் எங்கேயும் வராத பாடம் ஒன்று தினமும் நடக்கிறது. ஆசிரியை ஆயாம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார், "வாங்க" என்கிறாரா "ஏய் இங்க வா" என்கிறாரா, ஆயாம்மாவுக்கு நாற்காலி இருக்கிறதா, அவர் டம்ளர் தனியாக வைக்கப்பட்டிருக்கிறதா, இவை 47 பிள்ளைகள் கண்ணிலும் படும். எந்தப் பிள்ளையின் டப்பாவில் இருப்பதைப் பார்த்தும் மூக்கைச் சுளிக்கக் கூடாது, முட்டையானாலும் கருவாடானாலும். ஒரு பிள்ளைக்குப் பண்டத்தைக் கையில் கொடுத்து இன்னொரு பிள்ளைக்கு எட்டி நின்று போட்டால், அதற்குப் பிறகு எந்த நீதிக்கதையும் அந்த வகுப்பில் எடுபடாது. ஜூன் தொடங்கும் முன் ஆசிரியைகளுக்கு அரை நாள் கூட்டம் வைத்து, இதை மட்டும் பேசுங்கள்.

#16 தொட்டில்கட்டு

எல்லாருக்கும் நன்றி. திருத்திய வடிவம்:

காலை 15 நிமிடம் வட்ட நேரம்: அமைதி, ஆத்திசூடி வரி 2 நிமிடம், கதை (எல்.கே.ஜி. 5 நிமிடம், யு.கே.ஜி. 8), பொம்மை நடிப்பு. திங்கள் கதை, செவ்வாய் அதே கதை நடிப்பு, புதன் முதல் வெள்ளி வரை பண்பை வேலையில் காட்டுவது. யு.கே.ஜி.க்கு எட்டு வகுப்பு வேலைகள், வாரம் ஒருமுறை மாறும்: பறவைத் தண்ணீர், செடி, துணி வாளி, பாய் விரிப்பது முதலியவை. ஸ்டாரும் வெள்ளிக் கேள்வியும் இல்லை. சமய வழிபாடு பள்ளி நேரத்தில் இல்லை. மூன்று சமயக் கதைகள் எல்லாருக்கும்.

இரண்டு கேள்வி பாக்கி. முன்னேற்றத்தை எப்படிக் குறிப்பது? ஸ்டார் இல்லை என்றால் பெற்றோர் கேட்பார்களே?

#17 மணல்கடிகை

நாளுக்கு ஐந்து பிள்ளை, ஆளுக்கு ஒரே வரி. ஐந்து நாளில் வகுப்பு முழுதும் முடிந்துவிடும். நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம். "நல்லவன்", "அடங்காதவன்" என்று எழுதக் கூடாது. பார்த்ததை எழுதுங்கள்: "12.7, தண்ணீர் கொட்டியது, கேட்காமல் துணி எடுத்தாள்." "14.7, சைக்கிளுக்குக் காத்திருந்தான், ஒரு நிமிடத்தில் அழுதான்." மாதக் கடைசியில் பெற்றோரைப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஸ்டாரைவிட அதைத்தான் அவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். இரண்டு வாரமாக ஒரு பிள்ளையின் பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை என்றால், அந்தப் பிள்ளையை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

வகுப்பு வேலையில் ஒன்று: எல்.கே.ஜி.க்கு எட்டு அதிகம். நாலு வேலை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் என்று வையுங்கள். எழுதிய பெயரோடு படமும் ஒட்டுங்கள்.

#18 சட்டப்புள்ளி

வழிபாடு இல்லை என்று முடிவு செய்திருந்தாலும், சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தாள் கொடுங்கள்: "வகுப்பில் இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவக் கதைகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படும். எந்தப் பிள்ளையும் வழிபாட்டில் ஈடுபடுத்தப்படாது." கீழே ஆண்டின் கதைப் பட்டியல், பெற்றோர் கையெழுத்து. சரஸ்வதி பூஜை, கிறிஸ்துமஸ் குடில் இரண்டும் இதில் வரும். பொருள்களைப் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும் சரி. கும்பிட வைப்பது, பிரசாதம் கொடுப்பது, மண்டியிட வைப்பது ஆகியவற்றுக்குத் தனிச் சம்மதம் வேண்டும். தாளைத் தமிழிலேயே அச்சடியுங்கள், படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.